உறுதிமொழி எடுத்தா மருந்து திரியாம இருக்குமா?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. நைட் டியூட்டி, பையனோட பரீட்சை, நடுவுல ஊர்லேர்ந்து மாமனார் மாமியார் வருகை.. அப்படியே ஓடிப்போச்சு. இப்ப எழுத உட்கார்ந்திருக்கறதும் சந்தோஷமான சமாச்சாரத்துக்கு இல்ல. சுத்தமான வயித்தெரிச்சல். ரங்கமணிகிட்ட ரெண்டு தடவை புலம்பியாச்சு. மூணாவது தடவை சொன்னா மனுஷன் ஓடிடுவார் :-) அதனால இங்க.

செப்டம்பர் 17 உலக நோயாளர் பாதுகாப்பு தினம். 2019லேர்ந்து உலக சுகாதார நிறுவனம் நடத்தச் சொல்ற நாள். தில்லி, குர்காவ், நொய்டா பக்கம் பெரிய ஆஸ்பத்திரிகள்ல அன்னிக்குப் போய்ப் பார்த்திருக்கீங்களா? திருவிழாதான். வாசல்ல ரங்கோலி, ஆரஞ்சு கலர்ல பலூன், போஸ்டர் போட்டி, வினாடி வினா. கடைசியில நர்ஸுங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு, வலது கையை நீட்டச் சொல்லி ஒரு உறுதிமொழி. மருந்து கொடுக்கும் முன் ஐந்து சரிகளையும் சரிபார்ப்பேன், என் கவனக்குறைவால் யாருக்கும் தீங்கு நேராது.. இந்த ரீதியில. கவனிங்க, கையை நீட்டறது நாங்க மட்டும்தான். மருந்து எழுதற டாக்டர் வரிசையில கிடையாது. மருந்து அனுப்பற ஃபார்மசி கிடையாது. எந்த கம்பெனி மருந்து வாங்கறதுன்னு முடிவு பண்ற பர்சேஸ் ஆபீசரும் கிடையாது. அப்புறம் கேக், ஃபோட்டோ, அவ்வளவுதான்.

அந்த ஐந்து சரி என்னன்னா: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். முதல் வருஷத்துலயே மனப்பாடம் பண்ண வச்சிருப்பாங்க. நல்ல விஷயம்தான், குறை சொல்லலை. ஆனா அதுல ஒரு கேள்வி இல்லவே இல்ல பாருங்க. "இந்த மருந்து எதோட சேர்ந்து போகுது?" அஞ்சும் சரியா இருந்து, இது ஒண்ணு தப்பாப் போனா என்ன ஆகும்னுதான் இந்தப் பதிவு.

பாலைத் தனியாக் குடிக்கலாம். எலுமிச்சம்பழ ஜூஸைத் தனியாக் குடிக்கலாம். ரெண்டையும் ஒரே டம்ளர்ல ஊத்தினா திரிஞ்சுடும். ரத்தக்குழாய் வழியா போற மருந்துகளும் அப்படித்தான். சிலது புளிப்பு, சிலது காரம். (மிளகாய்க் காரம் இல்ல, வேதியியல் காரம்.) உடம்புக்குள்ள போனப்புறம் ரெண்டு மருந்து முட்டிக்கறது வேற கதை. நான் சொல்றது அதுக்கு முன்னாடி, அந்த மெல்லிசு ட்யூபுக்குள்ளயே, பாட்டிலுக்குள்ளயே நடக்கறது.

ஃபிட்ஸுக்குப் போடற ஃபெனிட்டாயின் ஊசியோட பிஹெச் கிட்டத்தட்ட 12. சுண்ணாம்புத் தண்ணி ரேஞ்சு. அதைக் குளுக்கோஸ் பாட்டில்ல கலந்தீங்கன்னா மருந்து படிகமா வெளிய வந்துடும். நார்மல் சலைன்ல மட்டும்தான் கலக்கணும். ஆம்ஃபோடெரிசின்னு ஒரு மருந்து, 2021ல கருப்புப் பூஞ்சை வந்தப்ப நாடே தேடி அலைஞ்சுதே, அது இதுக்கு நேர் எதிர். சலைன் ஆகவே ஆகாது, டெக்ஸ்ட்ரோஸ்தான். இதயத் துடிப்புக்குக் குடுக்கற அமியோடரோனும் டெக்ஸ்ட்ரோஸ் கட்சி. தூக்க மருந்து மிடசோலம் புளிப்பு, நீர் பிரியக் குடுக்கற லாசிக்ஸ் காரம். ஒரே லைன்ல ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு, நடுவுல சலைன் போட்டுக் கழுவாம விட்டா, லைனுக்குள்ள வெள்ளையா மாவு மாதிரி தெரியும். தெரிஞ்சா நல்லது, நிறுத்திடலாம். அந்த மாவு உள்ள போச்சுன்னா நுரையீரல்ல இருக்கற நுண்ணிய ரத்தக்குழாய்கள்ல போய் அடைக்கும்.

தெரியாமலே நடக்கறதுதான் எனக்குப் பயம். அட்ரினலின் போற லைன்லயே சோடா பைகார்பனேட் போனா அட்ரினலின் வீரியம் செத்துடும். பென்சிலின் வகை மருந்தோட ஜென்டாமைசினை ஒரே பாட்டில்ல கலந்தா ஜென்டாமைசின் வேலை செய்யாது. நிறம் மாறாது, மாவு வராது. மருந்து போகுது, சார்ட்ல டிக் விழுது, பில்லும் ஏறுது, நோயாளிக்கு மட்டும் மருந்து கிடைக்கலை.

இன்னொண்ணு. செஃப்ட்ரியாக்சோன் ஊசி. இந்தியாவுல ஆஸ்பத்திரி வாசலை மிதிச்ச யாரும் இதுக்குத் தப்பிச்சிருக்க மாட்டாங்க, அவ்வளவு சகஜம். இது கால்சியத்தோட சேரக்கூடாது. நாம சர்வ சாதாரணமா ஏத்தற ஆர்எல் பாட்டில்ல, அதாவது ரிங்கர் லாக்டேட்ல, கால்சியம் இருக்கு. இந்த ரெண்டும் சேர்ந்து பச்சைக் குழந்தைகளோட நுரையீரல்லயும் சிறுநீரகத்துலயும் படிஞ்சு இறந்திருக்காங்கன்னு 2007ல அமெரிக்க எஃப்டிஏ எச்சரிக்கை விட்டுது. 2009ல அதைக் கொஞ்சம் திருத்தினாங்க. பிறந்து 28 நாள் வரைக்கும் உள்ள குழந்தைக்குக் கால்சியம் உள்ள திரவம் ஏறுதுன்னாலோ ஏறப்போகுதுன்னாலோ செஃப்ட்ரியாக்சோன் கூடவே கூடாது. பெரியவங்களுக்கு ஒண்ணுக்கப்புறம் ஒண்ணு, நடுவுல லைனைக் கழுவிட்டுக் குடுக்கலாம், ஆனா ஒரே லைன்ல ஒரே நேரத்துல கூடாது. இது வந்து இத்தனை வருஷம் ஆச்சு. எத்தனை வார்டுல இது சுவத்துல ஒட்டியிருக்கு? போய்ப் பாருங்க. "பார்வையாளர் நேரம் மாலை 5 முதல் 6 வரை" கண்டிப்பா ஒட்டியிருக்கும்.

சரி, வயித்தெரிச்சலுக்கு வர்றேன்.

எங்க ஊர்ப்பக்கத்துப் பொண்ணு ஒண்ணு, தென்காசி தாண்டி. நர்சிங் முடிச்சு இங்க வேலைக்கு வந்து ஒன்பது மாசம். என்சிஆர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். ராத்திரி ரெண்டரை மணிக்கு ஃபிட்ஸ் கேஸ். ரெசிடென்ட் டாக்டர் அவசரத்துல ஃபெனிட்டாயினை டெக்ஸ்ட்ரோஸ்ல ஏத்தச் சொல்லி எழுதிட்டார். ஃபார்மசி ரெண்டையும் ஒரே பையில போட்டு அனுப்பிட்டாங்க. இவ கலந்து மாட்டினா. ஒரு நிமிஷத்துல ட்யூப் பால் மாதிரி ஆயிடுச்சு. டக்குனு நிறுத்திட்டா, லைனையே மாத்திட்டா, டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினா, தானே இன்சிடென்ட் ரிப்போர்ட்டும் எழுதினா. நோயாளிக்கு ஒண்ணும் ஆகலை.

மூணாம் நாள் மெமோ. யாருக்கு? எழுதின டாக்டருக்கு இல்ல. ரெண்டையும் ஒரே பையில அனுப்பின ஃபார்மசிக்கு இல்ல. இவளுக்கு. மருந்துப் பொருத்தத்தை ஏன் சரிபார்க்கவில்லை என்று 48 மணி நேரத்துக்குள் விளக்கம் தரவும்.

ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வந்து அழுதுட்டே அந்த மெமோவைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டா. "அக்கா, எதுல பார்த்திருக்கணும்?"

பதில் சொல்லுங்க பார்க்கலாம். அவ வார்டுல சார்ட் கிடையாது. ஊசி மருந்துகள் எதோட எது சேரும்னு சோதனைச்சாலையில கலந்து பார்த்த முடிவுகளைத் தொகுத்து ட்ரிஸ்ஸெல்னு ஒருத்தர் கைப்புத்தகம் போட்டார், முதல் பதிப்பு 1977ல. உலகம் முழுக்க இந்த வேலைக்கு அதுதான் பஞ்சாங்கம். அவ ஆஸ்பத்திரியில அது எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஃபோன்ல பார்க்கலாம்னா ஐசியூவுக்குள்ள நர்ஸ் ஃபோன் கொண்டு போகக்கூடாது, லாக்கர்ல வைக்கணும். (ரீல்ஸ் பார்ப்பாங்களாம்.) ராத்திரியில ஃபார்மசியைக் கூப்பிட்டா பில் போடற பையன்தான் எடுப்பான். ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் இருக்கேன்னு சொல்வீங்க. அவங்க வச்சிருக்கற சாஃப்ட்வேர் உடம்புக்குள்ள ரெண்டு மருந்து மோதுமான்னு சொல்லும், ஒரே ட்யூப்ல போகலாமான்னு சொல்லாது. அதுவும் எல்லாத்துக்கும் சிவப்பு விளக்கு போட்டுப் போட்டு, யாரும் படிக்காம ஓகே தட்டற நிலைமை.

அப்ப மிச்சம் இருக்கறது அவ மண்டை ஒண்ணுதான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. ஐசியூவுல சீரியஸா இருக்கற ஒருத்தருக்கு 12 ஊசி மருந்து ஓடறது ரொம்ப சாதாரணம். 12 மருந்துன்னா 66 ஜோடி. கூடவே ஒவ்வொண்ணையும் எந்தத் திரவத்துல கலக்கணும்ங்கறது தனி. ஜோடி ஒத்துப்போனாக் கூட வேற வம்பு உண்டு. நார்அட்ரினலின் ஓடற லைன்ல இன்னொரு ஊசியை வேகமாத் தள்ளினா, ட்யூப்ல இருக்கற நார்அட்ரினலின் மொத்தமா உள்ள போய் பிபி எகிறிடும். இத்தனையையும் 23 வயசுப் பொண்ணு ராத்திரி ரெண்டரைக்கு ஞாபகத்துலேர்ந்து சொல்லணும். சொல்லலைன்னா கவனக்குறைவு.

இதைத்தான் நான் ஒத்துக்க மாட்டேங்கறேன். மருந்துப் பொருத்தம் பார்க்கறது நர்ஸோட ஒழுக்கமோ ஞாபகசக்தியோ கிடையாது. அது ஆஸ்பத்திரி காசு செலவழிச்சு ஏற்பாடு பண்ணித் தரவேண்டிய வசதி. ஆக்ஸிஜன் குழாய் மாதிரி, ஜெனரேட்டர் மாதிரி. கரண்ட் போனா நர்ஸுக்கு மெமோ குடுப்பீங்களா?

பெரிய செலவும் இல்ல. அந்த வார்டுல அதிகம் ஓடற 25, 30 மருந்தை ஒரு ஃபார்மசிஸ்ட் உட்கார்ந்து கட்டம் போட்டு, பச்சை சிவப்பு அடிச்சு, ஏ3 தாள்ல லேமினேட் பண்ணி மாட்டினா பாதிப் பிரச்னை தீர்ந்தது. ரங்கோலிப் பொடி செலவை விடக் கம்மி. மருந்து பிராண்ட் மாறும்போது அதைத் திருத்த ஒரு ஆள் வேணும். ஆள் இல்லையா? ஃபார்ம்.டின்னு ஒரு படிப்பு 2008லேர்ந்து இந்தியாவுல இருக்கு. ஆறு வருஷம், வார்டுல நின்னு மருந்தைப் பார்க்கறதுக்குன்னே படிக்கறாங்க. படிச்சிட்டு என்ன பண்றாங்க? எனக்குத் தெரிஞ்ச மூணு பேர்ல ரெண்டு பேர் கம்ப்யூட்டர் கம்பெனியில டேட்டா பார்க்கறாங்க. ஒருத்தி ஆஸ்பத்திரியில இருக்கா. ஆடிட் வரும்போது ஃபைல் நிரப்பற வேலை. அந்த ஃபைல்ல மருந்துப் பொருத்தக் கொள்கைன்னு ஒரு அத்தியாயமே அழகா இருக்காம். குவாலிட்டி ஆபீஸ் அலமாரியில, பூட்டி.

"அந்தக் காலத்துல நாங்க இதெல்லாம் பார்த்தோமா, நோயாளி பொழைக்கலையா?"ன்னு சில சீனியர் சிஸ்டர்கள் கேக்கறாங்க. அக்கா, அந்தக் காலத்துல ஒரு ஆளுக்கு மூணு ஊசி, ஒரு பாட்டில். இப்ப ஒரு கட்டிலைச் சுத்தி ஆறு சிரிஞ்சு பம்ப் நிக்குது. அதோட இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி ஐசியூவுல ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ், சாதா வார்டுல போதனா மருத்துவமனைன்னா மூணு பேருக்கு ஒருத்தர், இல்லைன்னா அஞ்சு பேருக்கு ஒருத்தர். நிஜத்துல எத்தனைன்னு உங்களுக்கே தெரியும், அட்டெண்டன்டா உட்கார்ந்து பார்த்திருப்பீங்க. சம்பளம் கேட்டு கோர்ட்டுக்குப் போய், உச்ச நீதிமன்றம் சொல்லி அமைச்ச குழு 2016ல, 50 படுக்கைக்குக் கம்மியான தனியார் ஆஸ்பத்திரியில கூட மாசம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாதுன்னு சொல்லுச்சு. அது கைக்கு வராத பொண்ணுங்க இன்னிக்கும் இருக்காங்க. அனுபவம் வந்ததும் வெளிநாட்டுக்குப் பறந்துடறாங்க. அப்புறம் அந்த இடத்துல யாரு நிப்பா? ஒன்பது மாசப் பொண்ணுதான்.

இதுவரைக்கும் ஆஸ்பத்திரியைத் திட்டினேன், நீங்களும் தலையாட்டியிருப்பீங்க. இப்ப உங்களையும் கொஞ்சம். கோச்சுக்காதீங்க.

ரெண்டு மருந்துக்கு நடுவுல லைனைக் கழுவணும், இல்ல முதல் மருந்து முடியற வரைக்கும் காத்திருக்கணும். அதுக்கு இருபது நிமிஷமும் ஆகும், ஒரு மணி நேரமும் ஆகும். அந்த நேரத்துல வாசல்ல நின்னு "டாக்டர் எழுதி அரை மணி ஆச்சு, இன்னும் போடலையா, இவ்வளவு பில் வாங்கறீங்க"ன்னு சத்தம் போடறது யாரு? நம்ம ஜனங்கதான். இந்திக்காரங்க மட்டும்னு நினைக்காதீங்க, தமிழ்லயும் திட்டு வாங்கியிருக்கேன், எனக்குப் புரியாதுன்னு நினைச்சு :-) கஸ்டமர் கேர்ல புகார் போச்சுன்னா அடுத்த நாள் இன்சார்ஜ் கேக்கற முதல் கேள்வி ஏன் லேட்டுங்கறதுதான். லைன் கழுவினேன்னு சொன்னா யாரும் பாராட்டப்போறதில்ல. அப்ப ஒரு புதுப் பொண்ணு எதைக் கத்துக்குவா? சீக்கிரம் தள்ளிட்டுப் போகத்தான் கத்துக்குவா.

"தெம்புக்கு ஒரு பாட்டில் ஏத்துங்க சிஸ்டர்"னு கேக்கறதும் அப்படித்தான். ஒரே வென்ஃப்ளான்ல ஏற்கெனவே மூணு மருந்து க்யூவுல நிக்குது. தேவையில்லாத பாட்டில் நாலாவது ஆள்.

வீட்டுக்கும் வர்றேன். நம்மள மாதிரி ஊர்விட்டு ஊர் வந்தவங்க வீட்டுல இது இன்னும் மோசம். அப்பா அம்மா திருநெல்வேலியிலேர்ந்தோ கும்பகோணத்துலேர்ந்தோ வர்றாங்க, கூடவே ஒரு மஞ்சப்பை மாத்திரை. இங்க ஒரு டாக்டரைப் பார்க்கறோம், அவர் இந்த ஊர் பிராண்ட் எழுதறார். ரெண்டும் டெல்மிசார்டன்தான்னு யாரும் பார்க்கறதில்ல, ரெண்டும் உள்ள போகுது. அப்புறம் பாத்ரூம்ல மயக்கம். எங்க பக்கத்து பிளாக் மாமி அப்படித்தான் விழுந்தாங்க. தைராய்டு மாத்திரையோட இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரையை ஒண்ணா முழுங்கினா தைராய்டு மருந்து சரியா ஏறாது, நாலு மணி நேரமாவது இடைவெளி வேணும். மூக்குல ரைல்ஸ் ட்யூப் போட்டு வீட்டுல வச்சுப் பார்க்கறவங்க கவனிங்க: எல்லா மாத்திரையையும் ஒரே உரல்ல போட்டு இடிக்காதீங்க. எஸ்ஆர், எக்ஸ்எல், சிஆர்னு போட்டிருந்தா அது நாள் முழுக்க மெதுவாக் கரையறதுக்குச் செஞ்சது. பொடிச்சா மொத்தமும் ஒரே அடியா இறங்கிடும். பான்டோபிரசோல் மாத்திரைக்கு மேல ஒரு பூச்சு இருக்கும், இடிச்சா வயித்து அமிலத்துல வீணாகும். ஃபெனிட்டாயினைக் கஞ்சியோட சேர்த்து விட்டா பாதி கூட ஏறாம ஃபிட்ஸ் வரலாம், கஞ்சிக்கும் அதுக்கும் எவ்வளவு இடைவெளின்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க. ஒவ்வொண்ணையும் தனித்தனியா கரைச்சு, நடுவுல தண்ணி விட்டுக் கழுவி குடுங்க. இதையெல்லாம் டிஸ்சார்ஜ் பண்ணும்போது யாராவது சொன்னாங்களா? சொல்லியிருக்க மாட்டாங்க. சொல்லவேண்டிய ஆள்தான் ஃபைல் நிரப்பிட்டு இருக்காளே.

அந்த மெமோவுக்குப் பதில் எழுதினோம். நானும் அவளும் சமையல்கட்டு மேஜையில உட்கார்ந்து. மன்னிப்பு கேக்கலை. நடந்ததை நேரப்படி எழுதி, மருந்துச் சீட்டு நகலையும் ஃபார்மசி பில்லையும் இணைச்சு, கடைசியில "பொருத்தம் சரிபார்க்க வார்டில் உள்ள சார்ட் எது, இரவில் அழைக்க வேண்டிய ஃபார்மசிஸ்ட் யார் என்பதைத் தெரிவித்தால் இனி அதன்படி நடப்பேன்"னு முடிச்சோம். இதை எழுதற வரைக்கும் பதில் வரலை. அவளை ஐசியூவுலேர்ந்து எடுத்து ஓபிடியில போட்டிருக்காங்க. தண்டனை இல்லையாம், நிர்வாக வசதியாம்.

நீங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. அவசரம் இல்லாத ஆபரேஷன், தேதி குறிச்சு அட்மிட் ஆகப்போறீங்கன்னா, ஏசி ரூமா, டிவி உண்டா, எந்த இன்சூரன்ஸ்னு கேக்கறதோட இதையும் கேளுங்க: "ராத்திரி ரெண்டு மணிக்கு நர்ஸுக்கு மருந்துல சந்தேகம் வந்தா கேக்க ஃபார்மசிஸ்ட் இருக்காங்களா?" நாலு பேர் கேட்டா மேனேஜ்மென்ட் காதுக்குப் போகும். நாங்க கேட்டா மெமோதான் வரும், காசு கட்டறவங்க கேட்டா மீட்டிங் போடுவாங்க.

எங்க காலனி அண்ணன் ஒருத்தர் போன மாசம் ஹெர்னியாவுக்கு அட்மிட் ஆனப்ப இதை அப்படியே கேட்டிருக்கார். கவுண்டர்ல இருந்த பையன் ரொம்ப மரியாதையா, "கவலைப்படாதீங்க அங்கிள், கீழ மெடிக்கல் ஷாப் 24 மணி நேரமும் திறந்திருக்கும்"னானாம்.